கருவாடு என்று மட்டும் சொன்னேன்

ஓய்வு பெற்ற பிறகும் என் தொலைபேசி எண்ணைப் பலர் வைத்திருக்கிறார்கள். செஞ்சிப் பக்கத்துக் கோழி வளர்ப்போர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் யாரோ என்னைச் சேர்த்துவிட்டார்கள். வெளியே வர எனக்கும் மனமில்லை. வாரம் ஒருமுறையாவது அதில் ஒரே கேள்வி வரும்: "பொரிச்சு ரெண்டு நாள் ஆன குஞ்சுக்குக் கடைத் தீவனம் இல்லாம, வீட்ல இருக்கறதையே போடலாமா?" நான் "போடலாம்" என்று குரல் பதிவு அனுப்புவேன். இப்போது என் இடத்தில் வேலை பார்க்கும் கால்நடை ஆய்வாளர் தம்பி போன மாதம் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க பாட்டுக்குப் போடலாம்னு சொல்லிடறீங்க. நாளைக்கு நாலு குஞ்சு செத்தா என்னைத்தான் வந்து கேப்பாங்க."

"தெரியும் தம்பி. என்னையும் கேட்டிருக்காங்க" என்றேன்.

அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டு அவர் விடவில்லை. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது மரக்காணம் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். பிளஸ் டூ முடித்துவிட்டு ஆய்வாளர் பயிற்சிக்குப் போனேன். அந்த அணியில் இருந்த பெண்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். மாட்டுக்கு ஊசி போட, சினை பார்க்க, தடுப்பூசிக் குப்பியை ஐஸ் பெட்டியில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோக, இவ்வளவும் ஒரு வருஷத்துக்குள் பழகிவிட்டது. முதல் போஸ்டிங்கிலேயே செஞ்சிக்கு வந்தேன். இடையில் இரண்டு இடமாற்றம். கடைசிப் பத்து வருஷம் மறுபடி இங்கேதான். கோட்டைப் பாறைகள் பங்குனியில் சூடேறத் தொடங்கினால் ஆடி வரைக்கும் ஆறாது. அந்த வெக்கையில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலுமாக நான் போகாத ஊர் இந்த வட்டாரத்தில் குறைவு.

கோழி விஷயத்தில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு தையல்காரர் வீடு. வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். அவர் வீட்டில் பதினைந்து குஞ்சுகள் கால்விரல் உள்பக்கமாகச் சுருண்டு, முட்டி போட்டு நகர்ந்துகொண்டிருந்தன. பூனைக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டார். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். "அரிசி நொய்தான். வேற இன்னா போடறது?" என்றார். மூன்று வாரமாக நொய் மட்டும். பயிற்சிப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சத்துக் குறைவால் வருவது என்று அதில் ஒரு பத்தி இருந்தது. கெட்டி மோர், பொடியாக நறுக்கிய கீரை, அவித்த முட்டை, மூன்றையும் நொய்யில் பிசைந்து வைக்கச் சொன்னேன். பத்து நாளில் பாதிக்கு மேல் விரலை விரித்து நடந்தன.

அதற்குப் பிறகு கோழிக் குஞ்சு என்றாலே "புஷ்பாம்மாவக் கேளு" என்றாகிவிட்டது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப் போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுப்படியில் இருக்கும் பொருளை வைத்தே எந்தக் குஞ்சையும் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினேன். நம்பியதில் தப்பில்லை. சொல்கிற விதத்தில்தான் அசட்டை வந்துவிட்டது.

என் கடைசி மேலதிகாரி டாக்டர் நித்யா. நாமக்கல் பக்கத்துப் பெண். லட்சக்கணக்கில் கோழி வளர்க்கிற மண்ணில் பிறந்தவர். என் வயதில் பாதி. முதல் நாளே என்னை "அக்கா" என்றார், ஆனால் அதற்காக எதையும் விட்டுக் கொடுக்கவில்லை. பேச்சு மிகவும் குறைவு. நோய்ப்பட்ட கோழியைக் கொண்டுவந்தால் மற்ற டாக்டர்கள் எத்தனை நாளாக என்று தொடங்குவார்கள். இவர், "கடைசியா என்ன தின்னுச்சுங்க?" என்றுதான் கேட்பார். ஒரு வீட்டுக்குள் நுழையும்போதும் கிளம்பும்போதும் செருப்பின் அடியைக் கிருமிநாசினி போட்டுக் கழுவாமல் போகமாட்டார். நாற்காலி போட்டாலும் உட்காராமல் தரையில் குந்துவார்.

ஒருநாள் ஒரு பெண்ணிடம் நான், "தவிட்டோட ஒரு கைப்பிடி புண்ணாக்கு சேர்த்துக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து, "யார் கைப்பிடிங்க அக்கா?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க கை சின்னது. அவங்க கையைப் பாருங்க" என்றார். அந்தப் பெண் கதிர் அறுக்கிறவள், நல்ல அகலக் கை. எனக்குச் சுருக்கென்றது. வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை, முப்பது வருஷம் பார்த்தவளுக்கு அளவு சொல்கிறார் என்று மனதுக்குள் முணுமுணுத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

ஊரடங்கு வந்த வருஷம். அதற்குச் சில வாரம் முன்னாலிருந்தே கோழி தின்றால் கொரோனா வரும் என்று ஒரு வதந்தி ஊரெல்லாம் பரவி, கறிக்கடைகள் வெறிச்சோடின. பொரிப்பகங்களில் குஞ்சுகள் தேங்கிக் கிடந்தன. அந்த நேரத்தில்தான் பனமலை ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பில் இருந்த அஞ்சலை, இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு எண்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கினாள்.

அஞ்சலைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். பெங்களூரில் கட்டட வேலையில் பதினான்கு வருஷம் கல் சுமந்தவள். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், இனி ஊரோடு இருப்போம் என்று புருஷனோடு திரும்பி வந்திருந்தாள். மற்ற மூன்று பெண்களுக்கும் கோழி வளர்ப்பில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வீடு வீடாகப் போய்ப் பேசி அவர்களைச் சம்மதிக்க வைத்தவள் இவள்தான். பழைய மாட்டுக் கொட்டகையைச் சுண்ணாம்பு அடித்து, அட்டையை வட்டமாக நிறுத்தி, குண்டு பல்பு தொங்கவிட்டு, நான் சொன்னது எல்லாவற்றையும் சொன்னபடி செய்திருந்தாள். தடுப்பு மருந்துச் சொட்டு போட நான் போயிருந்தபோது எண்பதும் பஞ்சு உருண்டைகளாக ஓடிக்கொண்டிருந்தன.

"ஒண்ணுகூட சாவல மேடம்" என்று அவள் மற்ற மூவரையும் பார்த்துச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் ஊரடங்கு. பேருந்து நின்றது. செஞ்சி கடைவீதி ஷட்டர்கள் இறங்கின. தீவனக் கடைக்கு லாரி வரவில்லை. அவர்கள் வாங்கி வைத்திருந்த ஒரு மூட்டைக் குஞ்சுத் தீவனம் அடிமட்டத்துக்கு வந்ததும் அஞ்சலை எனக்கு போன் செய்தாள். நான் வீட்டில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், மூட்ட காலியாவுது. இன்னா போடறது? நொய் மட்டும் போடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"பயப்படாத அஞ்சல. எழுதிக்கோ" என்று கரண்டியும் கையுமாகச் சொன்னேன். பாதி கம்பும் நொய்யும், குருணையாக உடைத்து. கால் பங்கு கடலைப் புண்ணாக்கு, பூஞ்சை இல்லாததாகப் பார்த்து, இடித்துச் சலித்து. கொஞ்சம் தவிடு. முருங்கைக்கீரை நிழலில் காயவைத்து நொறுக்கியது. பத்துக்கு ஒரு பங்கு கருவாட்டுத் தூள்.

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது.

நான்கு நாள் கழித்து மறுபடி போன்.

"மேடம், நல்லா துன்னுதுங்க. ஆனா தண்ணிக் கிண்ணத்த வுட்டு வரவே மாட்டேங்குதுங்க. எரு தண்ணியா போவுது."

"வெயிலப் பாத்தியா? நமக்கே தாங்கல. குடிக்கட்டும். தண்ணி கொறையாம பாத்துக்கோ."

"சரி மேடம்."

அவ்வளவுதான் பேசினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆறாம் நாள் காலை ஏழு மணிக்கு அவள் பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"பதினொன்னு செத்துடுச்சி மேடம். இன்னும் சிலது மல்லாந்துக்கினு காலு ஒதறுது. ஏழுமலை அண்ணன் குழி வெட்டிட்டாரு. இது கொரோனாதானாம். உசுரோட இருக்கறதையும் சேத்து மூடணும்னு சொல்றாரு. ஊரே நிக்குது. சீக்கிரம் வாங்க மேடம்."

டாக்டர் நித்யாவுக்குச் சொன்னேன். அவர் தன் காரிலேயே வந்து என்னை ஏற்றிக்கொண்டார். கூட்டுரோட்டில் போலீஸ் நிறுத்தி அனுமதிச் சீட்டைப் பார்த்தார்கள். ரோட்டில் எங்களைத் தவிர வண்டியே இல்லை. வழியெல்லாம் நான் ஒவ்வொரு நோயாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வெள்ளைக் கழிச்சலாக இருக்குமோ, ரத்தக் கழிச்சலாக இருக்குமோ, என் கையால் போட்ட சொட்டு மருந்துதான் சூடாகிக் கெட்டுப் போயிருந்ததோ. அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், "போய்ப் பார்ப்போங்க அக்கா" என்றார்.

கொட்டகைக்குப் பின்னால் இடுப்பளவு குழி. அதன் ஓரத்தில் மண்வெட்டியோடு ஏழுமலை. பால் வண்டி ஓட்டுகிறவர். முகத்தில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் இரண்டு பேரக் குழந்தைகள். அந்த நாட்களில் எல்லோருக்கும் இருந்த பயம்தான் அவருக்கும்.

"மேடம், பாத்து ஒண்ணும் ஆவப்போறதில்ல. மூடிட்டா ஊருக்கு நல்லது" என்றார்.

"ஒரு மணி நேரம் கொடுங்க. நான் பார்த்துட்டுச் சொல்றேன். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்" என்றார் டாக்டர்.

வேப்பமர நிழலில் பழைய செய்தித்தாளை விரித்தார். செத்த குஞ்சு ஒன்றை சோப்புத் தண்ணீரில் நனைத்து, இறகு பறக்காதபடி படியவைத்தார். அலகின் ஓரத்தில் கத்தரியை வைத்துக் கழுத்து வழியாக மெல்ல இறங்கினார். கழுத்தடியில் இருக்கிற தீனிப்பையைத் திறந்து, உள்ளே இருந்ததைத் தனியாக ஒரு காகிதத்தில் வழித்து வைத்தார். வயிற்றைத் திறந்ததும் தெளிந்த நீர் வழிந்தது. ஒரு கோழிக் குஞ்சின் வயிற்றில் அவ்வளவு நீர் இருக்கக்கூடாது. இதயத்தைச் சுற்றியிருந்த மெல்லிய பையிலும் நீர். குடலைத் தலைப்பிலிருந்து கடைசி வரை பிளந்து பார்த்தார். ரத்தமில்லை, புள்ளியில்லை. ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டாவது குஞ்சிலும் அதேதான். மூன்றாவதிலும் அதேதான். ஊர் ஜனம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு வந்து அஞ்சலையைக் கூப்பிட்டார். "தீவனத்துல என்னென்ன போட்டீங்களோ, எல்லாத்தையும் தனித்தனியா இங்க கொண்டுவந்து வைங்க."

அஞ்சலை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். கம்பு, நொய், புண்ணாக்கு, தவிடு, முருங்கைப் பொடி. கடைசியாக ஒரு மண்சட்டி. அதில் இடித்தது போக மிச்சம் இருந்த கருவாடு, பெரிய பெரிய துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

டாக்டர் அதைத் தொடுவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் கடலோரத்தில் கோழிக்குப் போடுகிற கருவாடு என்றால் பொடி மீன். மணலில் கொட்டி வெயிலில் காயவைப்பது, உப்பே காட்டாதது. நான் கருவாடு என்று சொல்லும்போது என் கண்முன் இருந்தது அதுதான். செஞ்சிச் சந்தைக்கு வருகிற கருவாடு வேறு. கடலிலிருந்து தொலைவு வரவேண்டும், மாதக்கணக்கில் சட்டியில் கிடக்கவேண்டும். உப்பைக் கொட்டித்தான் காயவைப்பார்கள். இத்தனை வருஷம் இந்த ஊரில் அதைத்தான் நானும் வாங்கிக் குழம்பு வைத்திருக்கிறேன். ஆனாலும் "உப்பில்லாதது" என்ற ஒரு சொல் அன்று என் வாயில் வரவில்லை. குஞ்சுக்கு அவ்வளவு உப்பு விஷம்.

அஞ்சலை கலந்து வைத்திருந்த தீவனத்தில் டாக்டர் ஒரு சிட்டிகை எடுத்து, முகக்கவசத்தை இறக்கி, நாக்கில் வைத்தார். உடனே துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தார்.

"உப்பு. நோய் இல்லீங்க. ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தொத்தாது. குழிக்கு வேலை இல்லை."

ஏழுமலை நம்பவில்லை. "உப்புக்குக் கோழி சாவுமா? தெனம் நம்ம துன்றோம்."

"நீங்களே பாருங்க" என்று அந்தத் தீவனத்தில் கொஞ்சத்தை ஒரு தாளில் வைத்து நீட்டினார்.

அவர் துண்டை இறக்கி, ஒரு விரலால் தொட்டு வைத்துப் பார்த்தார். முகம் கோணியது. "கரிக்குது. ஐயய்யோ, நாக்கே வெந்துபோச்சு" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பாதிப் பயம் போய்விட்டது.

பிறகு டாக்டர் வழக்கம்போல எழுதுவதற்காகக் கேட்டார்: "இந்தக் கலவை யார் சொன்னதுங்க?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நானாதான் போட்டேன் மேடம்" என்றாள்.

அந்த மூன்று பெண்களும் அவளை ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி, "நீயா எதுக்குடி போட்ட? தெரியாதத எதுக்கு செஞ்ச?" என்று கத்தினாள். இன்னொருத்தி அழத் தொடங்கினாள். அஞ்சலை வாய் திறக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசிச் சேர்த்தவர்கள் முன்னால் அவள் அப்படி நின்றாள்.

நானும் அப்போது வாய் திறக்கவில்லை. இதை எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பிரயோசனமில்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. என் பேருக்கு ஒரு கறை கிடையாது. அவளே சொல்லிவிட்டாளே, பிறகு தனியாகப் பார்த்து அவளைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. அரை நிமிடம் இருக்கும். டாக்டர் பேனாவைத் தாளில் வைத்தபடி, எழுதாமல் காத்திருந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. அஞ்சலையின் காலடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ இல்ல. நான்தான் சொன்னேன்" என்றேன். "கருவாடு போடுன்னு சொன்னேன். உப்பில்லாத கருவாடுன்னு சொல்லல. தண்ணி ரொம்பக் குடிக்குதுன்னு அவ ரெண்டாம் தடவ போன் பண்ணினா. அப்பவாச்சும் நான் கேட்டிருக்கணும். வெயில்னு சொல்லிட்டேன். அவ சொன்னபடிதான் செஞ்சா. தப்பு என்னுது."

ஏழுமலைதான் முதலில் கேட்டார். "அப்போ படிச்சவங்க சொல்லித்தான் செத்துதா?"

"ஆமா" என்றேன்.

அஞ்சலை என் பக்கத்தில் வந்து காதோரமாக, "எதுக்கு மேடம்? உங்க வேலைக்கு எதுனா ஆயிடப்போவுது" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முகக்கவசம் இருந்ததால் பிழைத்தேன்.

டாக்டர் அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை. "அக்கா, உயிரோட இருக்கறதைப் பார்க்கலாம்" என்றார்.

இதுதான் நுணுக்கமான வேலை. உப்பு ஏறிய குஞ்சுக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் ஒரேயடியாகக் குடித்தால் மூளை வீங்கிச் செத்துவிடும். ஆகவே தண்ணீர்க் கிண்ணங்களை எல்லாம் எடுத்துவிட்டோம். தீவனத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தோம். தரையில் பரப்பியிருந்த உமியை அள்ளிவிட்டுப் புது உமி போட்டோம், கீழே சிந்திய தீவனத்தைக் கொத்தக்கூடாது என்று. ஜாடி மூடிகளில் விரற்கடை ஆழத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி வைப்பது, எல்லாம் ஒரு வாய் குடித்ததும் எடுத்துவிடுவது, இருபது நிமிடம் கழித்து மறுபடி வைப்பது. எழ முடியாத குஞ்சுகளுக்கு அலகு நுனியில் சொட்டுச் சொட்டாக விடுவது. மூன்றாம் சுற்றிலிருந்து கொஞ்சம் வெல்லம் கரைத்தோம்.

டாக்டர் அடுத்த ஊரில் கன்று போட முடியாமல் தவித்த ஒரு மாட்டைப் பார்க்கக் கிளம்பிப் போனார். நான் இருந்துகொண்டேன். நான்கு பெண்களும் நானும் வட்டமாக உட்கார்ந்தோம். முதல் இரண்டு மணி நேரம் யாரும் என்னிடம் பேசவில்லை. கத்தியவள் கோபமாகவே மூடியை வைத்தாள், கோபமாகவே எடுத்தாள். மத்தியானத்தில் ஒரு குஞ்சு, மல்லாந்து கிடந்தது, புரண்டு எழுந்து இரண்டடி நடந்து அவள் முழங்காலில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "நீங்க இன்னும் சாப்டலியே? கஞ்சி இருக்குது, குடிக்கிறீங்களா?" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் இன்னும் ஏழு போனது. மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் ஒன்றும் சாகவில்லை. ஐம்பத்தொன்பது பிழைத்தன.

அன்றைய அறிக்கையை நான்தான் எழுதவேண்டும். காரணம் என்ற இடத்தில், "ஆய்வாளர் தொலைபேசியில் கூறிய முழுமையற்ற அறிவுரை" என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டு டாக்டரிடம் வைத்தேன். அவர் படித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். அதோடு முடிந்தது.

ஆனால் குஞ்சுகளுக்கு அடுத்து என்ன போடுவது என்ற கேள்வி அப்படியே இருந்தது. தீவனக் கடை இன்னும் திறக்கவில்லை. இனி வீட்டுச் சாப்பாடு என்ற பேச்சையே எடுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நானே எடுக்கத் தயங்கினேன். டாக்டர்தான் சொன்னார்.

"அக்கா, நீங்க சொன்னதுல ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. மத்ததெல்லாம் சரியான கணக்கு. போய் நேர்ல உட்கார்ந்து செஞ்சு காட்டுங்க."

போனேன். கைப்பிடி என்ற பேச்சே இல்லை. அஞ்சலை வீட்டு ஆழாக்கை வைத்து எல்லாவற்றையும் அளந்தோம். கருவாட்டுக்குப் பதிலாகத் தினமும் அவித்த முட்டை இரண்டு, ஊர்க்கோழி போட்டது, மசித்துச் சேர்த்தோம். கரையானுக்குப் பானை வைத்தோம்: பழைய பானைக்குள் சாணமும் வைக்கோலும் ஓலையும் திணித்து நனைத்து, சாயங்காலம் ஏரிக்கரை மண்ணில் கவிழ்த்துவிட்டால் விடியலில் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். கோழிக் குஞ்சுக்கு அதைவிடப் பிடித்த சாப்பாடு கிடையாது. தட்டில் கொட்டியதும் ஐம்பத்தொன்பதும் விழுந்தடித்து ஓடி வந்ததைப் பார்த்து, அன்று அழுத பெண் வாய்விட்டுச் சிரித்தாள். ஒவ்வொரு கலவையையும் குஞ்சுக்கு வைக்குமுன் அஞ்சலை ஒரு சிட்டிகை தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லவில்லை.

ஏழுமலை ஒருநாள் பால் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். "வெட்டுன குழி சும்மா கெடக்குது, எவனாச்சும் வுழுந்து வெப்பான்" என்று சொல்லிக்கொண்டே அரைவாசி மண்ணைத் தள்ளி, ஒரு முருங்கைப் போத்தை அதில் நட்டுவிட்டுப் போனார்.

தீவனக் கடை திறந்த பிறகும் அந்தப் பெண்கள் மூட்டை வாங்கவில்லை. ஆவணியில் சேவல்கள் விற்பனைக்கு வந்தன. தையில் கோழிகள் முட்டைக்கு வந்தன. அடுத்த சித்திரையில் அவர்கள் கோழிகளே அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் அந்தக் கொட்டகையில் ஓடின.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால், செஞ்சியில் பெண்களுக்கு ஒரு கோழி வளர்ப்புப் பயிற்சி நடந்தது. டாக்டர் நித்யா, பேசுவதற்கு என்னைக் கூப்பிடாமல் அஞ்சலையைக் கூப்பிட்டிருந்தார். எனக்கு வருத்தமில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஐம்பது அறுபது பெண்கள் இருந்தார்கள். அஞ்சலை மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, எது எத்தனை ஆழாக்கு என்று தடங்கலில்லாமல் சொன்னாள்.

ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"தோ, பின்னாடி குந்தியிருக்காங்களே, புஷ்பா மேடம். ஒருவாட்டி தப்பா சொல்லிட்டாங்க. இருவத்தியொரு குஞ்சு பூடுச்சி. அவங்களே வந்து, ஊரு முன்னாடி நின்னு, நான்தான் தப்பா சொன்னேன்னு சொன்னாங்க. அதுலேர்ந்து அவங்க எது சொன்னாலும் நான் நம்புவேன்."

அறுபது தலைகள் என் பக்கம் திரும்பின. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கைப்பையைத் திறந்து மூடினேன்.

அதற்குள் முன்வரிசையில் இன்னொரு பெண் எழுந்துவிட்டாள். "எங்க வூட்ல புண்ணாக்கு நெறைய இருக்குது. குஞ்சிக்குப் போடலாமா?"

"போடலாம்" என்றாள் அஞ்சலை. மைக்கை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எந்தப் புண்ணாக்கு? கடலையா, எள்ளா? மழையில நனஞ்சிதா? எங்க வெச்சிருக்க, தரையிலயா பலகை மேலயா? கையில எடுத்து மோந்து பாத்தியா?"

அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சேர்ப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. நான் எழுந்து வெளியே டீ குடிக்கப் போனேன்.